செவலைக்குக் கைப்பிரேக்

செவலைக்கு ஹாரன் வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் ஜெயமேரிக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது. அதுவரைக்கும் அது காப்பிக் குடோனின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வெறும் சிவப்புத் தகரம். அதன் சீட்டில் பங்களாக் கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்திருந்தது. ஓடாத வண்டியைக் கண்டு யார் பயப்படுவார்கள்? ஹாரன் வைத்த வண்டி அப்படியல்ல. அது யாரையோ விலகச் சொல்லப் போகிறது. விலகச் சொல்ல வேண்டுமென்றால் ரோட்டுக்கு வரவேண்டும். ரோட்டுக்கு வந்தால் அதை ஓட்டுகிறவன் மனுவேல், ஜெயமேரியின் வீட்டுக்காரன்.

செவலை என்பது எஸ்டேட் ஜனங்கள் வைத்த பேர். அதன் சீமைப் பேரைத் துரை மட்டும்தான் சொல்வார். அதையும் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் போலச் சொல்வார். முன்னொரு காலத்தில் எஸ்டேட்டை வைத்திருந்த வெள்ளைக்காரன் வாங்கிய வண்டி அது. இரண்டு பேர் உட்காரலாம். கூரை கிடையாது. கதவு முழங்கால் உயரம். பந்தயத்துக்குப் போக வேண்டும், பாரம் ஆகாது என்று அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தான். லைட் போனது, ஹாரன் போனது, மட்கார்டும் சைலன்சரும் போயின, கடைசியில் கைப்பிரேக்கும் போனது. இஞ்சினை மட்டும் எறியவில்லை. அதை இன்னும் வெறியேற்றி வைத்தான். பிறகு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான்.

இப்போதைய துரையின் பேர் பெரியநாயகம். சேலத்தில் சேகோ பேக்டரி வைத்திருப்பவர். ஜவ்வரிசி விற்ற காசில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்கினார். வாங்கிய மறுநாளே துரை ஆகிவிட்டார். அதற்குப் பிறகு யாராவது பழக்கதோஷத்தில் "மொதலாளி" என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காமல் போனது. கிளப்பில் அவர் சோழவரம் பந்தயத்தில் இந்தச் செவலையை ஓட்டி மூன்றாவதாக வந்தவர் என்று பேச்சு. அன்று ஓடியவையே மூன்று கார்கள்தான் என்று சொன்னவன் கூடப்போன சமையல்காரன். அவன் இப்போது எஸ்டேட்டில் இல்லை.

தொண்ணூறாம் வருஷம். பூமழை பெய்து, காப்பிப் பூ வெள்ளை வெள்ளையாகக் கொட்டி, பிஞ்சு பிடிக்கிற சமயம். மே மாதக் கோடை விழாவில் பழைய கார்கள் ஊர்வலம் விடப்போவதாகக் கிளப்பில் முடிவாயிற்று. அடிவாரத்தில் கலெக்டர் கொடி அசைப்பார். கார்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏரிக்கரைக்கு வரும். அங்கே மேடை, மாலை, கேடயம். ஆனால் சட்டம் புதிதாக வந்திருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேலான வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, இது ரோட்டில் ஓடத் தக்கது என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத வண்டி எவ்வளவு பெரிய மனுஷருடையதாக இருந்தாலும் ஊர்வலத்தில் சேராது.

துரை ஐயாக்கண்ணு ரைட்டரைக் கூப்பிட்டார். எஸ்டேட் கணக்கைப் பார்ப்பதும், துரை சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் சிரிப்பதும் ரைட்டரின் வேலை.

"வெள்ளக்காரன் கழட்டுனதையெல்லாம் திரும்ப மாட்டணும்யா. ஆனா வண்டியோட அழகு கெடக் கூடாது."

"மாட்டிரலாமுங்க தொரை. மாட்டுனதே தெரியாம மாட்டிரலாமுங்க."

அப்படித்தான் மாட்டினார்கள். ஹாரன் ஏதோ லாரியில் இருந்தது. அடித்தால் குடோன் தகரம் அதிர்ந்தது. லைட் ஜீப்பில் கழற்றியது; ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது பள்ளத்தைப் பார்த்தது. காப்பிப் பழம் தோலுரிக்கிற மெஷினின் பழைய இஞ்சினிலிருந்து சைலன்சர் வந்தது. ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்று வலப்பக்கம் முளைத்தது. தகர டின் அடிக்கிறவன் மட்கார்டு அடித்துக் கொடுத்தான். ஒவ்வொன்று வந்து சேரும்போதும் துரையின் முகம் மலர்ந்தது. சட்டத்துக்குச் செவலை ஒரு முழம் கிட்டே போனால், ஜெயமேரிக்குத் தன் வீட்டுக்காரன் ஒரு முழம் எட்டிப் போகிற மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் மனுவேல் வீட்டுக்கு வந்தபோது முழங்கை வரை கிரீஸ். சட்டையில் காப்பிச் செடியின் இலை ஒட்டியிருந்தது. ஜெயமேரி களி கிண்டி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வெளியே பனி இறங்கி, லைன் வீடுகளின் எதிர் வரிசை தெரியாமல் போயிருந்தது. அவன் களியைப் பிட்டுக் குழம்பில் முக்கினான். முக்கியதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஏனுங்க, உப்பு கம்மிங்களா?"

"அதெல்லாம் இல்ல புள்ள."

"பொறகு என்னாங்க? சட்டையில எப்புடி எல ஒட்டுச்சு? செடிக்குள்ள எதுக்குப் போனீங்க?"

"நான் எங்க போனேன். அது கூட்டிட்டுப் போச்சு."

துரை சொன்னதன் பேரில் எஸ்டேட் ரோட்டில் செவலையை இறக்கிப் பார்த்திருக்கிறான். முதல் வளைவில் பிரேக் கல்லு மாதிரி பிடித்தது. இரண்டாவதில் கொஞ்சம் இளகியது. மூன்றாவதில் காலை வைத்தால் பெடல் பஞ்சுக்குள் போகிற மாதிரி அடிவரைக்கும் போய்விட்டது. மேட்டுப் பக்கம் திருப்பிக் காப்பிச் செடிக்குள் ஏற்றி நிறுத்தியிருக்கிறான்.

"சூடேறுனா புடிக்க மாட்டேங்குது மேரி. ஆற வெச்சா மறுபடியும் புடிக்குது. சோழவரத்துல மட்ட ரோடு. அங்க அதுக்குப் பிரேக்கு எதுக்கு?"

"தொரைகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ரேஸ் காரு நிக்கறதுக்குச் செஞ்சதில்லடா, ஓடறதுக்குச் செஞ்சது'ங்கறாரு."

"அப்ப அவரே ஓட்டட்டுமே!"

"ஓட்டுவாராம். அடிவாரத்துல கலெக்டரு கொடி காட்டறப்ப அவரு ஸ்டியரிங்குல. கொடிய மடிச்சதும் நான். ஏரி தெரியற எடத்துல மறுபடியும் அவரு. நடுவுல ஜீப்புல பின்னால வருவாரு. மொத நாளு மலைய எறக்கிக் கொண்டுபோறது நான் ஒருத்தனேதான்."

ஜெயமேரி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டுவிட்டு உட்கார்ந்தாள். மலை இறங்குகிற பாதை அவளுக்குப் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தெரியும். ஒரு வளைவில் பள்ளம் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். சேலம் ஊர் காலுக்கு நேர் கீழே கிடக்கும். மூன்று வளைவுக்கு மேல் பிரேக் பிடிக்காத வண்டியை மிச்ச வளைவுகளில் யார் நிறுத்துவார்கள்?

"முடியாதுன்னு சொல்லிருங்க."

"சொல்லீட்டு? ஊட்ட எங்க கொண்டுபோயி வெக்கறது?"

ஊடு எஸ்டேட்டுடையது. வேலை இருக்கிற வரைக்கும்தான் கூரை. இரண்டு பேரும் ஆறிப்போன களியைத் தின்றார்கள்.

மறுநாள் பொறுக்குக் கொட்டகையில் கடைசிச் சாக்குகளைக் கொட்டியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, முறத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பிக் கறுப்பையும் உடைசலையும் ஒதுக்கினார்கள். ஜெயமேரி நல்ல கொட்டையை ஒதுக்கிக் கறுப்பை முறத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த குப்பாயி, தலைச்சோலை ஊர்க்காரி, முறத்தைப் பிடுங்கினாள்.

"அடியே மேரி, இதத் தொரை குடிச்சா சேகோ கஞ்சியே தேவலாம்பாரு. உனக்கு என்னாடி ஆச்சு?"

ஜெயமேரி சொன்னாள். சொல்லச் சொல்ல மற்றப் பெண்களின் கைகளும் நின்றன.

"வண்டி பெயிலாயிட்டா ஊர்வலமே இல்லீல்ல?" என்றாள் குப்பாயி.

"இல்லதான்."

"அப்பப் பெயிலாகட்டும்னு வேண்டிக்க. உங்க அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து. நான் சேர்வராயஞ் சாமிக்கு ஒரு தேங்கா சொல்லிக்கறேன். ரெண்டு பேருல ஆரு வேல செய்யறாங்கன்னு பாப்போம்."

"பாஸாகோணும்னு வேண்டறவங்களத்தான் அந்தோணியாருக்குப் பழக்கம். பெயிலாக்குன்னா அவருக்கு வெளங்குமாக்கா?" என்று கேட்டாள் கோடியில் இருந்த சாந்தி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயமேரியும் சிரித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றும்போது, புனிதருக்குக் குழப்பம் வரக் கூடாதென்று அவள் விளக்கமாகவே சொன்னாள். வண்டி பெயிலாக வேண்டும், வீட்டுக்காரன் பெயிலாகக் கூடாது. ரெண்டும் வேறே வேறே.

மெழுகுவர்த்தியை மட்டும் நம்பி இருக்க முடியாமல், அன்றைக்கே பங்களாவுக்கும் போனாள். துரை முற்றத்தில் நாற்காலி போட்டு, பந்தயக் கண்ணாடியைப் பட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டு மப்ளர் சுற்றியிருந்தது. வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

"தொரைங்க, எங்க ஊட்டுக்காரரு அந்த வண்டிய ஓட்ட வேண்டாமுங்க. நொம்ப பயப்படறாருங்க."

"பயமா?" துரை கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஸ்பீடுங்கறது ரத்தத்துல இருக்கணும்மா."

"தொரைங்களுக்கு இருக்குதுங்க. அவருக்கு ரத்தமே கம்மின்னு ஆஸ்பத்திரியில சொல்லீட்டாங்க. நீங்களே ஓட்டிட்டு எறங்கீட்டா..."

துரை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எனக்கு இடுப்பு வலி."

"அப்புடீங்களா."

"ஆமா. சோழவரத்துல வந்தது." அவர் சற்று நேரம் இடுப்பைப் பற்றி யோசித்தார். "அதிருக்கட்டும். உங்க ஊட்டுக்கு ஓடு மாத்தணும்னு மனுவேல் கேட்டிருந்தான். மழைக்கு முந்தி மாத்திக் குடுக்கலாமா, இல்ல புது டிரைவர் வந்த பொறகு அவனுக்கு மாத்திக் குடுக்கலாமான்னுதான் யோசிச்சிட்டிருக்கேன். நீ என்ன சொல்றே?"

ஜெயமேரி கும்பிட்டுவிட்டு முற்றத்தை விட்டு இறங்கினாள். அவர் இவ்வளவு மெதுவாகவும் மரியாதையாகவும் பேசினது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

கைப்பிரேக் ஒன்றுதான் பாக்கி. அதற்கு அடியில் கேபிள் வேண்டும், பின்சக்கரத்துக்குள் அதற்கான சாமான் வேண்டும். எல்லாம் சீமையிலிருந்து வரவேண்டும், வர ஆறு மாசமாகும். கைப்பிரேக் இல்லாமல் வண்டி பாஸாகாது. ஜெயமேரி இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் மத்தியானம் குடோனுக்குள் நீல வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது. வெல்டிங் வைத்தார்கள். ஓட்டை ஜீப்பிலிருந்து அறுத்து வந்த ஒரு கைப்பிரேக் கம்பியைச் செவலையின் தரையில் பற்றவைத்து, தலையில் கறுப்புக் குமிழும் போட்டாயிற்று. இழுத்தால் கறக் கறக் என்று அசல் சத்தம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வராது. கம்பி ஒன்றோடும் சேரவில்லை.

"இன்ஸ்பெக்டருக்குக் காது நல்லா கேக்குமுங்க. சத்தம் போதும்," என்றார் ஐயாக்கண்ணு ரைட்டர், துரை சிரிப்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டு.

பிரேக் இன்ஸ்பெக்டர் மலைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. ஏரிக்கரையில் கேம்ப் போட்டு ஜீப், லாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் துரையின் பங்களாவுக்கு வந்தார். ஒரு மாவட்டத்தின் வண்டிகளையெல்லாம் நிற்க வைத்துப் பார்க்கிற அந்த மனிதருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. காலையில் பஸ்ஸில் வரும்போதே மூன்று வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டுதான் கோழிக் குழம்பைச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தபோது மேகம் இறங்கியிருந்தது. பங்களாவுக்குக் கீழே எஸ்டேட் ரோடு ஏறித் திரும்புகிற ஏற்றத்தில் செவலையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பொறுக்குக் கொட்டகைப் பெண்களை ரைட்டர் ரோட்டோரமாக வரிசையாக நிற்க வைத்திருந்தார். வண்டி பாஸானதும் கைதட்ட வேண்டும். அதற்கு அரை நாள் கூலி பிடிக்கப்படாது. ஏற்காட்டு ஸ்டூடியோக்காரர் கேமராவோடு வந்திருந்தார். ஜெயமேரி வரிசையின் கடைசியில், செவலையின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ரோடு சரிந்து போய், ஒரு வளைவில் முறிந்தது. வளைவுக்கு அப்பால் பனி மட்டும்தான். பனிக்குள்ளே எவ்வளவு ஆழம் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வண்டிக்கு முன்னால் நின்றார். கையில் அட்டை, அதில் காகிதம். ஹாரன் அடிக்கச் சொன்னார். அடித்ததும் அவரே ஒரு அடி பின்னால் போனார். லைட் போடச் சொன்னார். சைலன்சருக்குப் பக்கத்தில் குனிந்து தலையை ஆட்டினார்.

"புட்பிரேக்?"

மனுவேல் ஏற்றத்தில் கொஞ்சம் நகர்த்தி நிறுத்திக் காட்டினான். வண்டி ஆறியிருந்தது. பிரேக் கல்லு மாதிரி பிடித்தது. ஜெயமேரி மனசுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட்டாள்.

"கைப்பிரேக்கைப் போடு."

மனுவேல் துரையைப் பார்த்தான். துரை ஒரு சவுக்கு மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுவேல் கம்பியை இழுத்தான். கறக் கறக்.

"ரெண்டு காலையும் மேலே தூக்கிக் காட்டு. நான் பார்க்கணும்."

மனுவேல் கால்களைத் தூக்கினான். அந்தத் தாழ்ந்த வண்டியில் அவனுடைய முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு மேலே வந்தன. பாதங்கள் அந்தரத்தில் தொங்கின. செவலை ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்னால் நகர்ந்தது.

பெயிலாகிவிட்டது! ஜெயமேரியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அடுத்த நொடியே கண்ணில் பட்டவை அந்தரத்தில் தொங்கிய பாதங்கள், அவற்றுக்குப் பின்னால் சரிவு, வளைவு, பனி.

மலையில் பிறந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்றத்தில் ஒரு வண்டி பின்னால் உருண்டால், அது யாருடைய வண்டியானாலும், பக்கத்தில் இருக்கிறவர் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலைக்காரர்களுக்கு அது தும்மல் மாதிரி, நினைத்துச் செய்வதில்லை. ஜெயமேரியின் கை ரோட்டோரத்துக் கல்லைத் தூக்கியதும் பின்சக்கரத்துக்குக் கீழே நெட்டித் தள்ளியதும் அவளுக்கே தெரியாது. கறுக் என்று சத்தம் வந்தது. செவலை நின்றது.

"கொஞ்சம் நழுவி நிக்குது. பழைய வண்டி, அவ்வளவுதான்," என்று முன்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. "பிடிப்பு இருக்கு."

அட்டையின் மேல் பேனா ஓடியது. ரைட்டர் கையைக் காட்டினார். பெண்கள் கைதட்டினார்கள்.

குப்பாயி மட்டும் தட்டவில்லை. அவள் ஜெயமேரியின் காலடியைப் பார்த்தாள்.

"அடிப் பாவி, என்னடி பண்ணித் தொலச்ச?"

ஜெயமேரி கல்லைப் பார்த்தாள். கையில் ஈர மண் ஒட்டியிருந்தது. பெயிலாக வேண்டுமென்று மெழுகுவர்த்தி ஏற்றியவள், தானே வண்டியைப் பாஸாக்கிவிட்டாள். அழுகை வரவில்லை. மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மனுவேல் இறங்கிப் பின்னால் வந்து பார்த்தான். கல்லைக் கண்டான், அவளைக் கண்டான். அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

அதற்குள் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மப்ளரை எடுத்துப் பின்னால் வீசிவிட்டு, செவலையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் குனிந்தார். ஒரு படம் முன்னால், ஒரு படம் பக்கவாட்டில். ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை அந்தக் கறுப்புக் குமிழிலும் வைத்துக்கொண்டு துரை பனியை ஊடுருவிப் பார்த்தார்.

"சார், பஸ்ஸுல போயி எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்றார், படத்துக்கு முகம் மாறாமல். "நம்ம வண்டியிலயே போங்க. மனுவேல் உங்களச் சேலத்துல எறக்கீட்டு வண்டியப் பேக்டரியில விட்டுருவான். இப்பத்தான் எல்லாம் சட்டப்படி ஆயிருச்சே."

இன்ஸ்பெக்டருக்கு முகம் மலர்ந்தது. "காத்தோட்டமா இருக்கும்," என்றார்.

இப்போதே. ஊர்வலத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று ஜெயமேரி நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் முடிந்து போனது. அவளுடைய கால் தானாக முன்னால் வந்தது.

"ஏனுங்க ஐயா..."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்னம்மா?"

"அது பிரேக்குல நிக்கலீங்க. நான் கல்லு வெச்சேனுங்க."

"ஏய், இந்தா, அந்தப் பக்கம் போ!" ரைட்டர் ஓடி வந்தார். "வெய்யில்ல நின்னு தல சுத்துதுங்க சார் அதுக்கு."

வெயிலே இல்லை. பனி எல்லோருடைய தலைமுடியிலும் முத்து முத்தாக நின்றது.

"நான் பார்க்காத பிரேக்காம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நின்னுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டாச்சு. போட்ட கையெழுத்தை நான் எடுக்கிறதில்லை."

"கல்லு அங்கியே இருக்குதுங்க. வந்து பாருங்க."

"ரோடுன்னா கல்லு இருக்கத்தான் செய்யும்."

துரை சீட்டில் இருந்தபடியே சிரித்தார். "சார், பொம்பளைங்க சமாச்சாரம். புருசன் பிரயாணம் போனா இப்படித்தான். ஏன்டா மனுவேல், பிரேக்கு நின்னுதா இல்லையா? நீயே சொல்லு."

எல்லோரும் மனுவேலைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். கண் ஒரு தடவை லைன் வீடுகள் இருக்கிற திசைக்குப் போய்த் திரும்பியது. வாயை மூடிக்கொண்டான்.

ஜெயமேரிக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பயம் அவளுக்குத் தெரிந்த பயம்தான். ஒரே சட்டியில் தின்கிற பயம். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அப்ப பிரேக்குலதான் நிக்குதுங்களா?"

"ஆமான்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் துரை.

"அப்பக் கல்லு எதுக்குங்க? எடுத்தர்றேனுங்க."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, கல்லின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"எடுக்காத!"

அது துரையின் குரலா என்று வரிசையில் நின்ற பெண்களுக்குச் சந்தேகமாக இருந்தது. துரைக் குரல் மூக்கில் தொடங்கும். இது அடிவயிற்றிலிருந்து வந்தது, பேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவரும் லாரிக்காரனிடம் எடைக்குச் சண்டை போடுகிற குரல்.

"அய்யய்யோ எடுத்துப்புடாத புள்ள! உனக்குப் புண்ணியமாப் போவும்! அதுல ஒண்ணுமே இல்ல, சும்மா கம்பி! எறங்கிக்கறேன், எறங்கிக்கறேன், இரு!"

ஜெயமேரியின் கை கல்லை அசைக்கவில்லை. ஆனால் துரை அசைந்த அசைவில் வண்டி லேசாக ஆடியது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். வயிறு ஸ்டியரிங்கில் மாட்டியது. கால் பிரேக்கைத் தேடியது. எந்தப் பெடல் பிரேக் என்று அந்த நேரத்தில் அதற்கு ஞாபகம் வரவில்லை. மூன்றாவதாக வந்த பந்தய வீரர் கடைசியில், பயந்தவர் எல்லோரும் செய்வதைச் செய்தார். பக்கத்திலிருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தார்.

கம்பி வேரோடு கையில் வந்துவிட்டது.

அதைப் பிடித்தபடியே அவர் முழங்கால் உயரக் கதவுக்கு மேலாக ரோட்டில் விழுந்து எழுந்தார். பந்தயக் கண்ணாடி வாய்க்கு இறங்கியிருந்தது. ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. செவலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் துரையின் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், வளைவுக்கு அப்பாலிருந்த வெள்ளையைப் பார்த்தார். அந்த வண்டியில் காற்றோட்டமாக உட்கார்ந்து மலை இறங்கியிருக்க வேண்டியவர் தாம்தான் என்பது அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டார். போட்ட கையெழுத்தை எடுக்காதவர் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்; கோடு போதாதென்று நெடுக்கே இன்னொன்றும் போட்டார்.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ரைட்டர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். குப்பாயி போகிற போக்கில் ஜெயமேரியின் தோளை அழுத்தினாள். துரை கம்பியை வீசி எறிந்துவிட்டு, மப்ளரை உதறி மறுபடியும் கழுத்தில் சுற்றினார். சுற்றி முடித்தபோது குரல் பாதி மூக்குக்கு ஏறியிருந்தது.

"வண்டியக் குடோன்ல விடு," என்றார் மனுவேலிடம், அவன் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குக் காலையில என்னை வந்து பாரு. ரெண்டு பேரும் வாங்க."

அவர் பங்களாப் பக்கம் ஏறிப் போனார். பனி அவரை மூடிக்கொண்டது.

மனுவேல் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். கொஞ்ச நேரம் கிளப்பவே இல்லை.

"நாளைக்கு ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு மேரி."

"சொல்லுவாருங்க."

"எங்க போறது?"

"தெரியலீங்க. மாரமங்கலத்துல எங்கக்கா ஊட்டுல மாட்டுக்கொட்டாயி ஒண்ணு சும்மா கெடக்குது. அங்க வெச்சு யோசிச்சுக்கலாம்."

"நான் வாயே தொறக்காம நின்னுட்டேன்."

"நின்னீங்கல்ல, அது போதும். அந்த வண்டியில மலை எறங்கிப் போயிருந்தீங்கன்னா என்னா பண்ணியிருப்பேன்?"

அவன் இஞ்சினைக் கிளப்பினான். காப்பி மெஷினின் சைலன்சர் இருமியது. செவலை ஏற்றத்தில் ஒரு அடி முன்னால் போனதும் ஜெயமேரி கல்லை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனமான கல். குடோன் வரைக்கும் ஏற்றம். வண்டி திணறி நிற்கிற இடத்திலெல்லாம் அவள் குனிந்து சக்கரத்துக்குக் கல்லை வைத்தாள். கிளம்பினதும் மறுபடியும் எடுத்தாள். பனியில் அவளுக்கு வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"மேரி! வர்றயா?" என்று முன்னாலிருந்து மனுவேல் கூப்பிட்டான்.

"பின்னாலயே வர்றேனுங்க. நீங்க திரும்பாதீங்க. முன்னால பாத்து ஓட்டுங்க."